குழந்தைப் பருவத்தில் பிடித்துக்கொள்ளும் குடும்ப வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்கள் சொன்ன பழைய கதைகளுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த குழந்தை நான். பெரியவனான பிறகும் அது விடவில்லை. இதைத் தெரிந்தவர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஆர்வம் வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். சில சமயம் பிள்ளைகளே கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்த ஆர்வம் எந்த வயதில் தொடங்கும்?

பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட முன்பே தொடங்கிவிடுகிறது. “நான் பிறந்த அன்னைக்கு என்ன நடந்தது?” என்று ஒரு நாலு வயதுக் குழந்தை கேட்கிறதே, அதுதான் அதன் முதல் குடும்ப வரலாற்றுக் கேள்வி. பெரியவர்களிடம் அவர்களுடைய மிகப் பழைய நினைவு எது என்று கேட்டால், பெரும்பாலோர் மூன்று, மூன்றரை வயதை ஒட்டிய ஏதோ ஒன்றைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய காலம் மறந்துபோகிறது. எல்லா மனிதர்களுக்கும் இப்படித்தான். அதனால் தன் வாழ்க்கையின் தொடக்கத்தைத் தெரிந்துகொள்ள ஒரு குழந்தை வேறு யாரையாவதுதான் கேட்டாக வேண்டும்.

அங்கிருந்து அடுத்த படிக்கு அதிக தூரம் இல்லை. அம்மாவும் ஒரு காலத்தில் சின்னப் பெண்ணாக இருந்தாள், அவளையும் யாரோ திட்டினார்கள், அவளும் இருட்டுக்குப் பயந்தாள் என்பதெல்லாம் ஒரு குழந்தைக்கு நம்பமுடியாத ஆச்சரியம். ஏழெட்டு வயதில் முன், பின் என்ற கால வரிசை மனதில் உறுதியாகும்போது கேள்விகள் மாறும். “அப்போ தாத்தாவுக்கு என்ன வயசு? மாமா பிறந்துட்டாரா?” என்று கேட்க ஆரம்பித்தால், பிள்ளை வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

உங்களுக்கு எப்படி வந்தது?

ஒரு போட்டோவால். பாட்டியின் பழைய படம் ஒன்றில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். காட்டிய பெரியவர் நால்வரின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். ஓரத்தில் நின்ற பெண் யார் என்று பிறகு பாட்டியிடம் தனியாகப் போய்க் கேட்டேன். கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அது அவருடைய அக்கா. இளம் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். பாட்டிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அக்காதான். வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் பாட்டி வருத்தப்படுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாட்டியோ யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததுபோலப் பேசினார்.

அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஒரு மனுஷி படத்தில் நிற்கலாம், ஆனாலும் பேச்சிலிருந்து மறைந்துபோகலாம், யாராவது கேட்டால் திரும்பி வரலாம். அப்புறம் பள்ளி நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பெயர்களை எழுத ஆரம்பித்தேன்.

பெற்றோர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான். ஒரு குழந்தைக்கு இந்த ஈடுபாடு வருவதற்குப் பெரிய குலப்பெருமையோ, பழைய ஆவணமோ தேவையில்லை. அது கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு பெரியவர் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். “அதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்ற பதிலைத் தொடர்ந்து கேட்கும் குழந்தை, கேட்பதை நிறுத்திவிடும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது வருமா?

வராது. வராவிட்டால் குறையும் இல்லை. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை உயிரைக் கொடுத்துக் கேட்கும். இன்னொன்று எழுந்து விளையாடப் போகும். விளையாடப் போன பிள்ளை முப்பது வயதுக்கு மேல் திரும்பி வந்து கேட்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதனால் குழந்தைக்கு ஏதாவது நன்மை உண்டா?

உண்டு என்று காட்டும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் 2001-ஐ ஒட்டி ஒரு கேள்வித்தொகுப்பை உருவாக்கினார்கள். மொத்தம் 20 கேள்விகள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்று தெரியுமா, உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்று தெரியுமா, குடும்பத்தில் நடந்த ஒரு கஷ்டமான விஷயம் தெரியுமா, நீ பிறந்த கதை தெரியுமா என்ற மாதிரியானவை. ஆம், இல்லை என்று சொன்னால் போதும். அதிகம் தெரிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. இந்த யோசனைக்கு விதை போட்டவர் டியூக்கின் மனைவி சாரா. கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளோடு வேலை செய்த அவர், தங்கள் குடும்பத்தைப் பற்றி நிறையத் தெரிந்த பிள்ளைகள் சிரமங்களைக் கொஞ்சம் நன்றாகவே சமாளிக்கிறார்கள் என்பதைக் கவனித்திருந்தார்.

இதைப் படித்துவிட்டு அந்த 20 கேள்விக்கும் விடை எழுதிப் பிள்ளையை மனப்பாடம் செய்ய வைத்தால் ஒன்றும் நடக்காது. ஆய்வாளர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் ஒரு குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அந்த வீட்டில் யாரோ பல வருடங்களாகச் சாப்பிடும்போதும் பயணத்திலும் தூங்கப்போகும்போதும் அதனோடு பேசியிருக்கிறார்கள். நன்மை அந்தப் பேச்சிலிருந்து வருகிறது.

இன்னொன்றும் அவர்கள் கவனித்தார்கள். “ஒன்றுமில்லாமல் வந்து மேலே ஏறினோம்” என்று சில குடும்பங்கள் சொல்கின்றன. “எல்லாம் இருந்தது, போய்விட்டது” என்று சில குடும்பங்கள். “ஏறினோம், விழுந்தோம், மறுபடி எழுந்தோம், என்ன வந்தாலும் ஒன்றாக இருந்தோம்” என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. பிள்ளைகளுக்கு அதிகம் உதவுவது இந்த மூன்றாவது வகைதான். எனக்கு இதில் வியப்பில்லை. வெற்றியை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை முதல் தோல்வியில், இந்த வீட்டிலேயே தோற்றது தான் மட்டும்தான் என்று நினைத்துவிடும்.

தாத்தா பாட்டியிடம் என்ன கேட்பது? “உங்க கதையைச் சொல்லுங்க” என்றால் “என்ன கதை இருக்கு” என்கிறார்களே?

அப்படித்தான் சொல்வார்கள். எழுபது வருட வாழ்க்கையை ஒரே கேள்வியில் கேட்டால் யாருக்கும் வாய் வராது. சின்னதாகக் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே வரும், நாம் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

நான் மிகவும் நம்பும் ஒரு வழி, வீட்டின் வரைபடம். ஒரு தாளைக் கொடுத்து, “நீங்க பத்து வயசுல இருந்த வீட்டை வரைஞ்சு காட்டுங்க” என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். வாசல் எங்கே, யார் எங்கே படுத்தார்கள், மழை பெய்தால் எங்கே ஒழுகும், ஒளிந்து விளையாட எந்த இடம் என்று கோடு போடப்போடப் பேச்சு தானாக வரும். ஒரு அறையைக் காட்டி, “இங்கே யார் இருந்தாங்க?” என்றால், அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு பெரியம்மாவோ விதவை அத்தையோ அந்த அறையிலிருந்து வெளியே வருவார்.

வயதையும் பார்த்துக் கேளுங்கள். வயதானவர்களுக்கு ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வருகின்றன. நினைவைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. முதல் வேலை, முதல் சம்பளம், நெருங்கிய தோழி, பள்ளிக்குப் போன வழி, கல்யாணத்துக்கு முந்தைய நாள், முதல் குழந்தை பிறந்தது எல்லாம் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. “ஐம்பது வயசுல என்ன செஞ்சீங்க?” என்றால் யோசிப்பார்கள். “பதினஞ்சு வயசுல உங்ககூடத் திரிஞ்சது யாரு?” என்றால் முகம் மாறும்.

கையில் ஒரு பொருள் இருந்தால் இன்னும் நல்லது. பழைய கடிகாரம், தையல் பெட்டி, ஒரு சாவி. இது யாருடையது, உங்களிடம் எப்படி வந்தது, இதை முதலில் வாங்கியது யார் என்று மூன்றே கேள்விகளில் இரண்டு தலைமுறை பின்னால் போய்விடலாம்.

குழந்தை கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “அது அப்படி இல்லைம்மா” என்று திருத்தாதீர்கள். பெரியவர் பேசுவது பேரப்பிள்ளையிடம். மகனிடமோ மருமகளிடமோ சொல்லாத பல விஷயங்களை அங்கே சொல்வார். பேரப்பிள்ளைக்கு அவரோடு பழைய கணக்கு எதுவும் இல்லையே.

இதில் இவ்வளவு அவசரம் ஏன்? பிள்ளை பெரியவனானதும் கேட்டுக்கொள்ளட்டுமே?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கு எழுபது வயதில் ஒரு பாட்டி. அந்தப் பாட்டி தன் சொந்தப் பாட்டியின் மடியில் உட்கார்ந்து கதை கேட்டிருப்பார். அந்த முதிய பெண்மணி இவரைவிட அறுபது வயது மூத்தவர் என்று வைத்துக்கொண்டால், 130 வருடங்களுக்கு முன் பிறந்த ஒருவரின் சொல் இந்தச் சின்னப் பெண்ணுக்கு இடையில் ஒரே ஒரு ஆள் வழியாக வந்து சேர்கிறது. இவள் முதுமையில் தன் பேரனிடம் சொன்னால் இன்னும் அறுபது, எழுபது வருடம் கூடும்.

இந்த ஆட்கள் சேர்ந்து உயிரோடு இருக்கும் காலம் குறைவு. அந்தக் காலம் பெரும்பாலும் ஒருவரின் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. நாற்பது வயதில் ஆர்வம் வருபவர்கள் ஆவணங்களிலிருந்து தேதிகளைக் கண்டுபிடிக்கலாம். கொள்ளுத்தாத்தா சிரித்தால் எப்படி இருக்கும் என்பது எந்த ஆவணத்திலும் கிடையாது.

பாட்டிக்கு மறதி நோய். இப்போது கேட்பதில் பலன் உண்டா?

பலருக்கு அண்மைக்கால நினைவுகள் முதலில் போகும். பழையவை கொஞ்சம் தாமதமாகப் போகும். அதனால் இளமைக் காலத்தைப் பற்றி மெதுவாகப் பேசிப் பார்க்கலாம். “நினைவிருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள், அது அவருக்குத் தேர்வு எழுதுவதுபோல ஆகிவிடும். ஒரு படத்தைக் கையில் கொடுங்கள், பழைய பாட்டு ஒன்றைப் போடுங்கள். பேசினால் கேளுங்கள். களைத்தால் விட்டுவிடுங்கள். குழந்தைக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பாட்டி பெயரை மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம், கூடவே இருந்தால் போதும்.

ஒரே சம்பவத்தைத் தாத்தா ஒரு மாதிரியும் பெரியப்பா இன்னொரு மாதிரியும் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

இரண்டையும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறித்துவையுங்கள். பிள்ளைக்கு வரலாறு என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பெரியப்பாவுக்கு அப்போது ஆறு வயது, தாத்தாவுக்கு முப்பது. இருவரும் பார்த்தது ஒரே வீட்டின் இரண்டு உயரத்திலிருந்து. எது சரி என்று பிறகு ஒரு கடிதமோ சான்றிதழோ சொல்லக்கூடும்.

குடும்பக் கதை வாய் மாறி வரும்போது பெரிதாவதும் உண்டு. ஏதோ ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் மூன்று தலைமுறையில் அந்த அலுவலகத்தின் தலைவராகிவிடுவார். பெரிதாக்கிய கதையையும் தூக்கிப்போட வேண்டாம். குடும்பம் எதற்கு ஆசைப்பட்டது என்று அது காட்டும். ஆனால் அதை உண்மையின் பக்கத்தில் எழுதாதீர்கள், கதை என்ற தலைப்பில் எழுதுங்கள்.

பேச்சை எப்படிப் பதிவு செய்வது?

கைபேசியே போதும். மின்விசிறி, டிவி சத்தம் இல்லாத இடம். பேசுபவருக்கு அருகில், மேஜைமேல் ஒரு துணியை மடித்து வைத்து அதன்மேல் கைபேசியை வைத்தால் அதிர்வு குறையும். தொடக்கத்தில் தேதி, பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் மூன்றையும் பிள்ளையே வாய்விட்டுச் சொல்லட்டும். பதிவு செய்கிறோம் என்று பெரியவரிடம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அன்றைக்கே அந்தக் கோப்புக்குப் பெயரும் தேதியும் வைத்து, கைபேசி அல்லாத இன்னும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவையுங்கள். கைபேசி தொலைந்தால் குரலும் தொலைந்துவிடும்.

பழைய படங்களை என்ன செய்வது? யார், எப்போது என்று எதுவும் எழுதவில்லை.

முதலில் பெயர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு படத்திலும் இருப்பவர்களை இடமிருந்து வலமாக எழுதிவிடுங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். மையும் நாளடைவில் ஊறும். பென்சில் பிடிக்காத வழவழப்பான படங்களுக்கு, உறையில் எழுதி அதற்குள் வையுங்கள். பசைத்தாளும் பிளாஸ்டிக் ஷீட்டும் சேர்ந்த ஆல்பங்கள் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தன. அந்தப் பசை படத்தைக் கெடுக்கும், வருடம் ஆக ஆகப் பிரிக்கவும் வராது. சுலபமாக வரும் படங்களை அமிலமற்ற காகித உறைகளுக்கு மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காமல் ஆல்பத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவு நல்லது. பிறகு பெரிதாக்கி முகத்தைப் பார்க்க முடியும்.

காலத்தைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. புகைப்படக்கலை பொதுமக்களுக்கு அறிமுகமானது 1839-ல். அட்டையில் ஒட்டிய சிறிய உருவப்படங்கள் 1850-களுக்குப் பிறகு பரவின. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1900-ல் பிரவுனி என்ற மலிவான பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. சாதாரண மக்கள் தாங்களே படமெடுக்கும் பழக்கம் அதற்கப்புறம்தான் பெருகியது. ஆகவே ஸ்டூடியோவில் விறைப்பாக நிற்கும் படமா, வீட்டு வாசலில் யாரோ அவசரமாக எடுத்ததா என்பதே ஒரு தடயம். உடை, சிகையலங்காரம், பின்னால் தெரியும் வண்டி, அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயர், இவற்றோடு முக்கியமாக மடியில் இருக்கும் குழந்தை. அந்தக் குழந்தை யார் என்று தெரிந்து, பிறந்த வருடமும் தெரிந்தால், படத்தின் காலம் ஓரிரு வருடத்துக்குள் அகப்பட்டுவிடும்.

குடும்ப மரத்தை எப்படி வரைவது? பெயர்கள் பெருகினால் குழம்புகிறது.

பிள்ளைக்குக் கணக்குப் பிடிக்கும் என்றால் எண் முறையைச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைக்கு எண் 1. அப்பா 2, அம்மா 3. அதற்குமேல் ஒரே விதி: எந்த ஆளுடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அப்படியானால் 4, 5 அப்பாவைப் பெற்றவர்கள்; 6, 7 அம்மாவைப் பெற்றவர்கள். எண் 1-ஐத் தவிர இரட்டைப்படை எண்கள் எல்லாம் ஆண்கள், ஒற்றைப்படை எண்கள் பெண்கள். “13 யாரு?” என்று கேட்டால், 6-இன் அம்மா, அதாவது அம்மாவுடைய அப்பாவின் அம்மா என்று பிள்ளை நொடியில் சொல்லும். மிக்காயேல் அய்ட்சிங்கர் என்பவர் 1590-ல் வெளியிட்ட நூலில் இந்த முறை இருக்கிறது. 1676-ல் ஹெரோனிமோ டி சோசா என்ற ஸ்பானியத் துறவி இதைப் பயன்படுத்தினார். 1898-ல் ஜெர்மானியரான ஸ்டெஃபான் கெக்குலே இதைப் பரப்பினார். இன்றும் குடும்ப வரலாற்றுக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இதிலேயே ஒரு அற்புதமான புதிர் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோர் எண்ணிக்கை இரட்டிப்பாகும்: 2, 4, 8, 16. பத்தாவது தலைமுறையில் 1,024 பேர். முப்பதாவது தலைமுறைக்குப் போனால் 107 கோடிக்கு மேல். ஆனால் அந்தக் காலத்தில் உலக மக்கள்தொகையே அதில் பாதிகூட இல்லை. எப்படி? பிள்ளையை யோசிக்க விடுங்கள், விடையை உடனே சொல்லாதீர்கள். உறவுக்குள் திருமணங்கள் நடந்திருக்கின்றன. தூரத்து உறவு என்றே தெரியாமலும் நடந்திருக்கின்றன. அதனால் ஒரே ஆள் அந்த மரத்தில் பல இடங்களில் வருகிறார். என் மரமும் உங்கள் மரமும் வெகுதூரம் பின்னால் போனால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பது இதிலிருந்தே கிடைக்கிறது. எங்கள் வம்சம் தனி, உங்கள் வம்சம் தனி என்று பெருமை பேசுபவர்களுக்கு முன்னால் இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளை தடுமாறாது.

அம்மா வழியில் மட்டும் ஏன் சீக்கிரம் தடம் முடிந்துவிடுகிறது?

எழுதி வைத்தவர்கள் எழுதவில்லை, அதனால்தான். பல சமூகங்களின் வம்சாவளிகள் தந்தை வழியை மட்டுமே பிடித்துக்கொண்டு போயின. திருமணத்தோடு பெயர் மாறியதால் பெண்களைத் தேடுவதும் கடினமானது. பழங்காலச் சீனத் தத்துவஞானி கன்ஃபூசியஸின் குடும்பப் பதிவேடு 80 தலைமுறைகளுக்கு மேல் நீள்கிறது, உலகிலேயே மிக நீளமானதாகக் கருதப்படுகிறது. அதிலேயே பெண் வாரிசுகள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2009-ல் வெளிவந்த பதிப்பில்தான்.

உங்கள் வீட்டில் இதை மாற்ற முடியும். ஒவ்வொரு பெண்ணுக்கும் பிறந்த வீட்டுப் பெயர், பெற்றோர் பெயர், உடன்பிறந்தோர் பெயர் என்று கேட்டு எழுதுங்கள். “இன்னாருடைய மனைவி” என்று மட்டும் ஒருவரும் உங்கள் நோட்டில் இருக்கக் கூடாது. உடம்பு அம்மா வழியை மறக்கவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ நம் எல்லோருக்கும் அம்மாவிடமிருந்துதான் வருகிறது. அவருக்கு அவருடைய அம்மாவிடமிருந்து, அப்படியே பின்னோக்கி. மகனுக்கும் அது கிடைக்கும். அவன் தன் பிள்ளைகளுக்குக் கடத்துவதில்லை.

சான்றிதழில் ஒரு தேதி, வீட்டில் சொல்வது வேறு தேதி. எது உண்மை?

நிகழ்ச்சி நடந்த நாளுக்கு நெருக்கமாக எழுதப்பட்டதை முதலில் நம்புங்கள். பிறந்த வாரத்தில் எழுதிய கடிதம், ஐம்பது வருடம் கழித்து வாங்கிய சான்றிதழைவிட மேல். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பது, எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதுவது எல்லாம் எங்கும் நடந்தவை. ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் மூன்று ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

மிகப் பழைய ஐரோப்பிய ஆவணங்களில் நாட்காட்டியே மாறியிருக்கும். நாம் இன்று பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி 1582-ல் வந்தது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-ல்தான் ஏற்றன. அந்த வருடம் அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14.

எங்கள் குடும்பத்தில் சொல்லத் தயங்கும் விஷயங்கள் இருக்கின்றன. குழந்தையிடம் சொல்லலாமா?

பொய் சொல்லாதீர்கள். இது ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழுவதையும் இப்போதே சொல்ல வேண்டியதில்லை. “தாத்தாவோட தம்பி ரொம்பக் கஷ்டத்துல இருந்தார், சின்ன வயசுலயே போயிட்டார், நீ இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் விவரமாச் சொல்றேன்” என்பது ஆறு வயதுக்குப் போதும். அப்படிச் சொன்னால் பிறகு கட்டாயம் சொல்ல வேண்டும். தற்கொலை, சிறை, பிரிந்துபோன திருமணம், கடன், மறைத்துவைத்த குழந்தை என்று எந்தக் குடும்பத்தைத் தோண்டினாலும் ஏதோ ஒன்று இருக்கும். பிள்ளைகள் இவற்றை இருபத்தைந்து வயதில் வெளியாள் வாயிலிருந்து கேட்கும்போதுதான் உடைந்துபோகிறார்கள்.

உயிரோடு இருப்பவரின் ரகசியம் என்றால் அது அவருடையது. அவர் அனுமதி இல்லாமல் பிள்ளையிடமோ மற்றவரிடமோ சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எங்கள் பிள்ளை தத்தெடுத்த பிள்ளை. பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னால் என்ன செய்ய?

மரத்துக்கு வேரும் உண்டு, கிளையும் உண்டு. பெற்றவர்களை வேர்ப்பக்கமும் வளர்த்த குடும்பத்தைக் கிளைப்பக்கமும் வரையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டையே நடுவில் வரைந்து, தன்னை நேசிப்பவர்களைச் சுற்றி எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எப்படி வரைவது என்பதைப் பிள்ளையிடமே விடுங்கள். ஆசிரியரிடம் முன்னாடியே பேசிவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கும், போரிலோ இடப்பெயர்விலோ எல்லாத் தகவலும் அழிந்துபோன குடும்பத்துக்கும் இதே பதில்தான். வளர்த்தவர்களின் கதை அந்தப் பிள்ளையின் கதையும்தான். இரண்டாம்தரக் கதை என்று அதை யாரும் நினைக்க வைக்கக் கூடாது. பிறந்த குடும்பத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த சின்னத் துணுக்கையும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை ஒரு நாள் கேட்கும்.

டிஎன்ஏ சோதனை செய்து பார்க்கட்டுமா?

பெரியவர்கள் தங்களுக்குச் செய்துகொள்ளட்டும். பிள்ளைக்கு, விளையாட்டாக, வேண்டாம் என்பேன். முடிவு பிள்ளையோடு நிற்காது. பெற்றோர், உறவினர், யாரும் எதிர்பார்க்காத ஒரு சகோதரர் என்று பலரைத் தொடும். ஒருமுறை வெளியே போன மரபணுத் தகவலைத் திரும்பப் பெறுவதும் சுலபம் இல்லை. வளர்ந்த பின் அவர்களே முடிவு செய்யட்டும்.

அதன் அறிவியலைப் பேசுவதில் தடை ஏதும் இல்லை. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்பது எல்லோருக்கும் பொது. தாத்தா பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் கால் பங்கு என்பது சராசரிதான். நடைமுறையில் ஒருவரிடமிருந்து கொஞ்சம் கூடவும் மற்றவரிடமிருந்து கொஞ்சம் குறையவும் வரும். அண்ணன் தாத்தா ஜாடையாகவும் தங்கை வேறு மாதிரியாகவும் இருப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இது உடனே விளங்கும்.

கணினியில் எங்கே வைத்துக்கொள்வது? இணையத்தில் போடலாமா?

எந்த மென்பொருளாக இருந்தாலும் ஜெட்காம் வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். 1984-ல் உருவான பொதுவான கோப்பு வடிவம் அது; ஒரு மென்பொருள் நின்றுபோனாலும் வேறொன்றில் திறக்கலாம். இலவசமாகத் தேட ஃபேமிலிசர்ச் இருக்கிறது. 1894-ல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய ஒரு வம்சாவளி ஆய்வுச் சங்கத்தின் இன்றைய வடிவமான இணையதளம் அது. பல நாடுகளின் பதிவேடுகள் அங்கே ஸ்கேன் செய்து வைக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் தேடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் எதையும் பொதுவில் போடாதீர்கள். வங்கிகள் அடையாளம் சரிபார்க்கக் கேட்பவை இவைதான்.

தாத்தா, பாட்டி யாரும் இப்போது இல்லை. நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

அவர்களுடைய தம்பி தங்கைகள், சிநேகிதர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், உடன் வேலை செய்தவர்கள் யாராவது இருப்பார்கள். குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்கள் வேறு ஒரு ஆளைக் காட்டுவார்கள். வீட்டில் வாயே திறக்காத தாத்தா நண்பர்களிடையே பெரிய பேச்சாளராக இருந்திருக்கலாம். அப்புறம், உங்களுக்கே நினைவிருப்பதை முதலில் எழுதுங்கள். அவர்கள் குரல், நடை, கோபம் வந்தால் சொல்லும் வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு இப்போது முதல் சாட்சி நீங்கள்தான்.

பத்து வயதில் உயிராக இருந்தவன், பதினாலு வயதில் நோட்டைத் தொடுவதே இல்லை. மறுபடி எப்படி இழுப்பது?

இழுக்காதீர்கள். அந்த வயதில் குடும்பத்தை விட்டு விலகி நின்று பார்ப்பதுதான் இயல்பு. “உனக்குத்தானே பிடிக்கும்” என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லவைப்பது, பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்குத் தொகுப்பு செய்யச் சொல்லி விரட்டுவது எல்லாம் இருக்கும் கொஞ்சத்தையும் வெறுக்க வைக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது பாதுகாப்பது. அந்த நோட்டு, அவன் குரலில் கேட்ட பதிவுகள், கோணல்மாணலாக வரைந்த மரம், எதையும் வீடு மாறும்போது கழித்துவிடாதீர்கள். பழுதான எழுத்தைத் திருத்தி எழுதவும் வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டு, மேலே அவன் பெயரையும் வருடங்களையும் எழுதி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். இடையில் பெரியவர்கள் யாராவது புதிதாக ஏதாவது சொன்னால், தேதி போட்டு எழுதி அதே பெட்டியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.